சேலத்து மொட்டை மாடியில் பழங்கால வானியல் கருவிகள்

சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகை 39 கலையில் இருக்கிறது. ஏற்காடு 11 பாகை 47 கலையை ஒட்டி இருக்கிறது. பாகை என்பது டிகிரி, அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. பூமியின் அச்சு சாய்ந்திருக்கும் அளவு 23 பாகை 26 கலை. அதில் சரிபாதி 11 பாகை 43 கலை. அந்த அட்சரேகைக் கோடு சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையில், மலையடிவாரத்தை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஓடுகிறது.

இதனால் நம் ஊரில் ஓர் அழகான விஷயம் நடக்கிறது. மார்ச் மாதம் சம இரவு நாளில் நண்பகல் சூரியன் உச்சிக்குத் தெற்கே எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு ஜூன் 21 அன்று உச்சிக்கு வடக்கே தள்ளி நிற்கும். நட்டு வைத்த குச்சியின் நிழல் மார்ச்சில் வடக்கே விழும், ஜூனில் தெற்கே விழும், நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். சேலத்தில் ஜூன் நிழல் கொஞ்சம் நீளம். மலைமேல் ஏறிப் பார்த்தால் மார்ச் நிழல்தான் கொஞ்சம் நீளம். இரண்டு மீட்டர் உயரக் குச்சிக்குக் கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் 4 மில்லி மீட்டர். கொத்தனார் கணக்கில் ஒரு நூலுக்குச் சற்று மேல்.

வீட்டில் செய்த கருவியால் இந்த 4 மில்லி மீட்டரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் பொழுதுபோக்கில் ஆழமாக இறங்கினேன். பழைய வானியல் கருவிகளைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பலரும் படத்தில் பார்த்த அழகான பித்தளைக் கருவியைப் போல ஒன்றைச் செய்யத்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்வது வேறு. முதலில் உங்கள் ஊரின் அட்சரேகையைத் தெரிந்துகொள்ளுங்கள், அந்த எண் எந்தக் கருவியைக் கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். பதினோரு பாகையில் இருக்கும் ஊருக்கும் ஐம்பது பாகையில் இருக்கும் ஊருக்கும் ஒரே கருவி சரிப்பட்டு வராது.

முதல் கருவி குச்சிதான். நம் பழைய நூல்கள் சங்கு என்று சொல்வது இதைத்தான். இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் நுனி கூர்மையாக இருக்காது, மங்கிக் கரைந்து போகும். இரண்டு மீட்டர் உயரத்தில் அந்த மங்கல் மட்டும் கிட்டத்தட்ட 2 சென்டி மீட்டர் வரும். 4 மில்லி மீட்டரைத் தேடுகிறவனுக்கு அந்தக் கூர்மை போதாது. இதற்குத் தீர்வு 13-ஆம் நூற்றாண்டிலேயே சீனாவில் கிடைத்துவிட்டது. குவோ ஷோஜிங் என்ற வானியலாளர் நாற்பது சீன அடி உயரத் தூண் ஒன்றை எழுப்பி, அதன் நிழல் விழும் தரைக்கு அருகே சிறு துளையிட்ட தகடு ஒன்றை நகர்த்திப் பார்த்தார். மங்கிய நிழலுக்குப் பதில் சூரியனின் சிறிய பிம்பம் கிடைத்தது, அதன் குறுக்கே தூணின் மேல்சட்டம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. இத்தாலியில் பொலோனியா நகரத்துத் தேவாலயத்தில் 1655-இல் காசினி என்ற வானியலாளர் துளையையே மேலே கொண்டுபோய்விட்டார். 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு துளை, தரையில் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. பெரிய கட்டடமே கருவியாகிவிட்டது.

என் வீடு அம்மாப்பேட்டையில். மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் சன்ஷேடு இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து ஒரு இரும்புப் பட்டையை வெளியே நீட்டி, நுனியில் குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகட்டை ஒட்டி, அதில் 2 மில்லி மீட்டர் துளை போட்டேன். தகடு மெல்லியதாக இருப்பது முக்கியம். தடித்த தகட்டில் துளை குழாய் மாதிரி ஆகிவிடும், சாய்ந்து வரும் ஒளியை ஓரத்தில் வெட்டிவிடும். துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், விளிம்பு மங்கும். மிகவும் சிறிதானாலும் விளிம்பு மங்கும், ஏனென்றால் ஒளி சிறிய துளையில் விரிந்துவிடுகிறது. இரண்டு மீட்டருக்கு 2 மில்லி மீட்டர் என்பது எனக்கு ஒத்துவந்த அளவு.

அடுத்தது தூக்குக்குண்டு. துளையின் நடுவிலிருந்து மீன்பிடி நரம்பில் குண்டைத் தொங்கவிட்டு, நேர் கீழே தரையில் விழும் புள்ளியைக் குறிக்க வேண்டும். எல்லா அளவும் இந்தப் புள்ளியிலிருந்துதான். உயரத்தை அளக்கையில் ஒரு மில்லி மீட்டர் பிசகினாலும் நிழல் நீளத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான் காட்டும். ஆனால் இந்த அடிப்புள்ளி ஒரு மில்லி மீட்டர் நகர்ந்தால் அது முழுசாக அப்படியே அளவில் ஏறிவிடும். மாடிக் காற்றில் குண்டு நிற்காது. ஒரு வாளித் தண்ணீரில் குண்டை முங்கவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். நரம்பு நின்றதும் வாளியின் விளிம்புக்கு மேலே இரண்டு பக்கத்திலிருந்து நூல் இழுத்துக் குறுக்காக நரம்பைத் தொடவைத்து, வாளியை எடுத்த பிறகு அந்த வெட்டுப்புள்ளியைத் தரைக்கு இறக்கிக்கொள்ளலாம். இந்த வேலைக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அவசரமே வேண்டாம்.

மொட்டை மாடித் தளத்தை அப்படியே நம்பக் கூடாது. மழைத் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத்தான் தளம் போட்டிருப்பார்கள். நூறுக்கு ஒன்று வாட்டம் என்று வைத்துக்கொண்டால், மார்ச்சில் அது ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான பிழை. டிசம்பரில் நிழல் 1.4 மீட்டர் நீளும்போது அதுவே ஒரு சென்டி மீட்டர் பிழையாகிவிடும். நான் ஒரு நீளமான கடப்பா கல்லை வாங்கி, அடியில் ஆப்பு வைத்து, ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டம் பார்த்து அதன்மேல்தான் அளக்கிறேன். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் ட்யூப் இருந்தால் இன்னும் நல்லது. நீளம் கூடக் கூட ரசமட்டத்தைவிட ட்யூப்தான் துல்லியம்.

வடக்கு எது என்று கண்டுபிடிப்பது இதைவிடச் சுவையான வேலை. போனில் இருக்கும் திசைகாட்டியைத் தொடவே வேண்டாம். தளத்துக்குள் கம்பி ஓடுகிறது, பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி நிற்கிறது. அது போக, சேலத்துக்காரர்களுக்குக் கஞ்சமலையைத் தெரியும். அந்த மலையில் இருப்பது காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது. அந்தப் பக்கம் காந்த ஊசியை நம்பி எதையும் செய்ய முடியாது. காத்யாயன சுல்ப சூத்திரம் என்ற பழைய வடமொழி நூலில் சொல்லியிருக்கும் முறை போதும். குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் வடக்கு தெற்கு. துளைத் தகட்டிலும் இதையே செய்யலாம். ஒரே வட்டத்தோடு நிறுத்தாமல் ஐந்தாறு வட்டம் வரைந்து எல்லாவற்றின் சராசரியை எடுங்கள். ஒரு கோடு மட்டும் மற்றவற்றோடு சேராமல் விலகி நின்றால், அந்த நேரத்தில் மேகம் விளிம்பை மறைத்திருக்கும்.

சம இரவு நாளில் இதைவிடச் சுலபம். அன்று மட்டும் பிம்பம் தரையில் போகும் பாதை நேர்கோடு. மற்ற நாட்களில் அது வளைந்து போகும். அன்று காலையிலிருந்து புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் கிழக்கு மேற்குக் கோட்டைச் சூரியனே வரைந்து கொடுத்துவிடும்.

2025 மார்ச் 20. கல்லின் மேல் வரைபடத்தாளை ஒட்டி, நடுவே வடக்கு தெற்குக் கோட்டின் மேல் ஒரு நூலைக் கட்டியிருந்தோம். சேலத்தில் அன்றைய நண்பகல் 12:25. நம் கடிகாரம் கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, சேலம் 78.15-இல் இருக்கிறது. அதனால் மட்டும் 17 நிமிடத்துக்கு மேல் பிந்துகிறது, மீதி ஏழரை நிமிடம் அந்தத் தேதிக்குரிய சூரியனின் தாமதம். மேற்கிலிருந்து பிம்பம் நூலை நோக்கி நகர்ந்து வந்தது. ஐந்து பைசா அளவு வெளிச்ச வட்டம், விளிம்பில் மெல்லிய சாம்பல் நிறம், காய்ந்த தளத்திலிருந்து எழும் சூட்டில் அந்த விளிம்பு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 9 மில்லி மீட்டர் வேகம். நூல் அதன் மேல் கருங்கோடாக ஏறியது. வட்டம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் நூலை முழுக்கக் கடந்து போய்விடும், அதற்குள் வடக்கு விளிம்பையும் தெற்கு விளிம்பையும் குறிக்க வேண்டும். மகள் கூர்மையான பென்சிலோடு காத்திருந்தாள். “இப்போ குத்துப்பா” என்று நான் சொல்வதற்குள் இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டாள். அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. விளிம்பைத் தனியாக அளக்காமல் இரண்டு விளிம்பின் நடுப்புள்ளியை எடுப்பதில் ஒரு நன்மை உண்டு. துளையால் வரும் மங்கல் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதால் தானாகக் கழிந்துவிடும்.

அந்த நடுப்புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சம இரவு நாளை ஒட்டிச் சூரியன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கலை வீதம் வடக்கே நகர்கிறது. 2025-இல் அது வான நடுக்கோட்டைக் கடந்தது இந்திய நேரம் பிற்பகல் 2:31-க்கு. நம் நண்பகலில் இன்னும் இரண்டு கலை தெற்கே இருந்தது, அதனால் நிழல் ஒரு மில்லி மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நீண்டிருக்கும். நாம் தேடுவதே 4 மில்லி மீட்டர் என்னும்போது இதைக் கழிக்காவிட்டால் எல்லாம் வீண். கழித்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது 41.3 சென்டி மீட்டரை ஒட்டிய அளவு. சில வருடங்களில் சம இரவுக் கணம் இரவில் வரும், அப்போது இந்தத் திருத்தம் இன்னும் பெரிதாகிவிடும். ஆகவே அந்த வருடத்துக்குரிய நேரத்தைப் பஞ்சாங்கத்திலோ வானியல் நாட்காட்டியிலோ பார்த்துக்கொண்டு அளப்பது கட்டாயம்.

ஒரே நண்பகலில் சேலத்திலும் ஏற்காட்டிலும் நான் இருக்க முடியாது. ஏற்காட்டில் என் மச்சானுக்கு ஏரிக்கு மேலே சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. காபிப் பழம் காயவைக்கும் சிமெண்ட் களம் மார்ச்சில் காலியாகத்தான் கிடக்கும். அங்கே சவுக்குக் கம்பு முக்காலி ஒன்றில் அதே அளவுத் துளைத் தகட்டை மாட்டி, இன்னொரு கடப்பா கல்லை மட்டம் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். ஜூன் மாதம் மலையில் மேகம். நண்பகலுக்குச் சூரியன் முகம் காட்டுவதே அபூர்வம். போன் பண்ணினால், “மாமா, பன்னெண்டு மணி வரைக்கும் பளிச்சுனு இருந்துச்சு, இப்போ ஒண்ணுமே தெரியல” என்பான். நல்லவேளையாக ஜூனில் சூரியன் நிதானமாக இருக்கும். 21-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் அதன் இடம் ஒரு கலைக்குள்தான் மாறும். எந்த நாளில் மேகம் விலகுகிறதோ அந்த நாளில் அளந்துகொள்ளலாம். சேலத்தில் 41.7-ஐ ஒட்டி வந்தது. மலையில் மார்ச்சில் 41.7-ஐ ஒட்டி வந்திருந்த அளவு ஜூனில் 41.3-க்கு இறங்கியது. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவுகோலால் பார்த்தபோது, ஒரு ஊரில் நீண்டது மறு ஊரில் குறுகியிருந்தது. புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த பூமியின் வளைவு, எங்கள் வீட்டிலிருந்து மச்சான் வீடு வரைக்குமான வளைவு, பென்சில் புள்ளிகளாக என் முன்னால் இருந்தது. எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இந்தப் பொழுதுபோக்கில் இதுவரை கிடைக்கவில்லை.

இந்த ஜூன் அளவோடு சேர்த்து இன்னொன்றும் கண்ணில் படும். பஞ்சாங்கப்படி சூரியன் தெற்கே திரும்பும் தட்சிணாயனம் ஆடி பிறக்கும்போதுதான் தொடங்கும், ஆனால் அதற்கு மூன்று வாரத்துக்கும் மேல் முன்னாலேயே நிழல் திரும்பத் தொடங்கிவிடும். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதத்தைக் கணக்கிடுவதும், பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்தக் கணக்குக்கும் பருவங்களுக்கும் இடையே சுமார் 24 பாகை இடைவெளி விழுந்திருப்பதும்தான் காரணம். மாடியில் ஒரு கல்லும் துளையும் வைத்திருக்கிறவர்கள் வருடா வருடம் இதை நேரிலேயே பார்க்கலாம்.

சரி, சூரியக் கடிகாரத்துக்கு வருவோம். தோட்டத்தில் வைக்கும் படுக்கை வகைப் பித்தளைக் கடிகாரத்தைப் பலர் ஆசையாக வாங்கி வைக்கிறார்கள். நம் அட்சரேகைக்கு அது ஒத்துவராது. சரியாகச் சேலத்துக்கே கணக்குப் போட்டுச் செய்தாலும், 12 மணிக் கோட்டுக்கும் 1 மணிக் கோட்டுக்கும் இடையே 3 பாகைதான் வரும், 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே 53 பாகை. நண்பகலைச் சுற்றிக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவில் ஐம்பது பாகையில் இருக்கும் ஊருக்குச் செய்ததை இங்கே வைத்தால் நேரம் தப்பாகத்தான் காட்டும். நமக்கு வேண்டியது பூமியின் அச்சுக்கு இணையான கம்பியும் அதைச் சுற்றி வளைந்த அளவுத் தளமும் உள்ள வகை. அதில் எந்த ஊரிலும் ஒரு மணிக்கு 15 பாகை, எல்லா நேரமும் ஒரே இடைவெளி. ஜெய்ப்பூரில் ஜெய்சிங் கட்டிய 27 மீட்டர் உயர சாம்ராட் யந்திரமும் இந்த வகைதான்.

நான் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வைத்துச் செய்தேன். டிரம்மின் நடு அச்சில் துருப்பிடிக்காத கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அச்சின் வடக்கு முனையை 11.66 பாகை தூக்கி வைத்தால் வேலை முடிந்தது. உள் ஆரம் 28 சென்டி மீட்டர் என்றால் ஒரு மணி நேரம் 73 மில்லி மீட்டர். கம்பி நிழலின் நடுவைப் பார்த்துப் பழகினால் ஓரிரு நிமிடத்துக்குள் நேரம் சொல்லலாம். மணிக்கோடுகள் அச்சிட்ட நீள்தாளை 21 மில்லி மீட்டர் தள்ளி ஒட்டினால் அந்தப் பதினேழரை நிமிட வித்தியாசம் நிரந்தரமாகச் சரியாகிவிடும். தேதிக்குத் தேதி மாறும் திருத்தம் மட்டும் மிச்சம். அது சின்ன விஷயம் இல்லை. நவம்பர் 3-ஐ ஒட்டி சேலத்தில் நண்பகல் 12:01-க்கே வந்துவிடும், பிப்ரவரி 11-ஐ ஒட்டி 12:31 தாண்டித்தான் வரும். இதற்கு ஒரு அட்டவணையைத் தயாரித்து லேமினேட் செய்து பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். கம்பியின் நடுவில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டால் அதன் நிழல் வருடம் முழுக்கத் தெற்கும் வடக்குமாக 12 சென்டி மீட்டர் வரை போய்வந்து தேதியையும் காட்டும். குழந்தைகளுக்கு நேரத்தைவிட இந்த மணிதான் பிடிக்கிறது.

அஸ்ட்ரோலேப் செய்ய ஆசைப்பட்டபோதுதான் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். வட்டத் தட்டில் வானத்தை மடக்கி வரைந்த கருவி அது. நம் நாட்டில் அதற்கு நீண்ட பழக்கம் உண்டு. பிரோஸ் ஷா துக்ளக் அவையில் இருந்த மகேந்திர சூரி 1370-இல் யந்திரராஜம் என்ற பெயரில் வடமொழியில் இதைப் பற்றி நூல் எழுதினார். பிறகு முகலாயர் காலத்தில் லாகூரில் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவந்தது. கருவிக்குள் ஊருக்கு ஒரு தட்டு போட வேண்டும். சேலத்துக்குத் தட்டு வேண்டுமென்றால் நாம்தான் செய்ய வேண்டும்.

கொலுசுக்கு நகாசு வெட்டும் பெரியவர் ஒருவர் பித்தளைத் தகட்டில் கோடு வெட்டித் தர ஒப்புக்கொண்டார். தட்டின் விட்டம் சுமார் 18 சென்டி மீட்டர். நான் வரைந்து கொண்டுபோன தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கவராயத்தை எடுத்து விரித்தார், மூடினார். “ஏனுங்க, இந்த வளைவுக்கு மையம் தகட்டுலயே இல்லீங்களே?” என்றார். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. லாகூர் போன்ற வடக்கு ஊர்களுக்கு அடிவானக் கோடு நன்றாக வளைந்து வரும். நம் ஊருக்கு அது கிட்டத்தட்ட நேர்கோடு. தட்டில் வான நடுக்கோட்டைக் குறிக்கும் வட்டத்தின் ஆரம் 6 சென்டி மீட்டர் என்றால், அடிவான வளைவின் ஆரம் ஏறக்குறைய 30 சென்டி மீட்டர், மையம் தட்டின் நடுவிலிருந்து 29 சென்டி மீட்டர் தள்ளி. “வெளியிலதாங்க ஐயா இருக்கு, ஒரு சாணுக்கு மேல” என்றேன். அவர் தகட்டை மரப்பலகையில் அரக்கு வைத்து ஒட்டி, அதே பலகையில் 29 சென்டி மீட்டர் தள்ளி ஆணி அடித்து, மரச் சட்டம் ஒன்றின் ஒரு முனையை ஆணியில் கோத்து மறு முனையில் எஃகு ஊசியைக் கட்டினார். கீறல் விழுந்ததும் உளியை எடுத்தார். கை ஓரிடத்தில் நின்றது, பலகைதான் மெல்லத் திரும்பியது. பித்தளைச் சுருள் ஒன்று முடிபோல எழுந்து வந்து உளிக்கு முன்னால் சுருண்டது, கோடு முடியும் வரை அறுபடவே இல்லை. அந்தக் கோட்டை நான் ஆயுசுக்கும் வெட்டியிருக்க முடியாது. கூலியோடு தாளையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன், வேறு யாராவது கேட்டால் செய்துகொடுக்கட்டும் என்று. பழைய கருவிகளைச் செய்கிறவர்கள் எல்லா வேலையையும் தாங்களே செய்ய வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. லாகூரிலும் உலோகம் தெரிந்த கைகள்தான் வானத்தை வெட்டின. நம் ஊரில் அப்படிப்பட்ட கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கோலின் நீளத்தையும் மையத்தின் தூரத்தையும் கணக்குப் போட்டுக் கொடுப்பது மட்டும் நம் வேலை.

துருவ நட்சத்திரத்துக்குக் கால்வட்டம் எனப்படும் கோணமானி செய்யுங்கள். பிளைவுட்டில் 57.3 சென்டி மீட்டர் ஆரத்தில் வளைவு வெட்டினால் ஒரு பாகை சரியாக ஒரு சென்டி மீட்டர் வரும். அளவு பிரிக்கும் பெரும்பாடு அத்தோடு முடிந்தது. எஃகு டேப்பை 90 சென்டி மீட்டருக்கு வெட்டி வளைவில் ஒட்டினால் அதுவே கோணமானி, ஒரு மில்லி மீட்டர் என்றால் ஆறு கலை. தையல்காரர் டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே தொலைநோக்கி வருவதற்கு முன்பே ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆரமுள்ள சுவர்க் கால்வட்டத்தை வைத்து ஒன்றிரண்டு கலை வரைக்கும் அளந்தார் என்றால், ஆரம் பெரிது, தூக்குநூல் நேர், பொறுமையாகத் திரும்பத் திரும்ப அளந்தார் என்பதுதான் அர்த்தம். தமிழ்க் கடலோடிகள் இராப்பலகை என்று சொன்ன, பலகையும் முடிச்சிட்ட கயிறும் கொண்ட கருவி இதைவிட எளிது. கையை நீட்டிப் பிடித்து, கீழ் விளிம்பு கடலின் அடிவானக் கோட்டிலும் மேல் விளிம்பு நட்சத்திரத்திலும் தொடவைப்பார்கள். சேலத்தில் அடிவானம் கிடைக்காது, எங்கு பார்த்தாலும் மலையும் கட்டடமும்தான். தூக்குநூல் தொங்கும் கருவிதான் நமக்கு.

இன்னொன்று, துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. அரைப் பாகைக்கு மேல் தள்ளி நின்று சுற்றுகிறது. டிசம்பர் மாலைகளில் காசியோபியா மேலே ஏறி நிற்கும்போது அது துருவத்துக்கு மேலே இருக்கும். மே மாத மாலைகளில் சப்தரிஷி மண்டலம் மேலே நிற்கும்போது கீழே இருக்கும். இரண்டு பருவத்திலும் அளந்து சராசரி எடுத்தால் அட்சரேகை கிடைக்கும். ஊருக்குள் பதினோரு பாகை உயரத்தில் புழுதியும் விளக்கு வெளிச்சமும் அதை விழுங்கிவிடுகின்றன. அடிவாரத்தில் நின்றால் மலையே மறைத்துவிடும். ஏற்காட்டில் பனி விலகும் ஜனவரி, பிப்ரவரி இரவுகளில், வடக்கே மரம் மறைக்காத இடத்தில் நின்றால் தெளிவாகத் தெரியும். கால்வட்டத்தின் பார்வைத் துளை வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். சூரியனுக்கு எப்போதும் பிம்பம் விழவைக்கும் முறைதான். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

நாழிகை வட்டிலும் செய்து பார்த்தேன். அடியில் துளையுள்ள கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் 24 நிமிடத்தில் நிரம்பி மூழ்க வேண்டும். துளையை முதலில் ஊசி முனை அளவு போட்டு, நேரம் பார்த்து மெல்ல மெல்லப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கியதைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. போர் தண்ணீரில் உப்புப் படிந்து துளை அடைத்துக்கொள்ளும், மேட்டூர் தண்ணீரை வடிகட்டி ஊற்றுங்கள்.

இப்போது தயாராகிக்கொண்டிருப்பது கன்னியாகுமரி வேலை. அங்கே இருக்கும் என் அக்கா மகனிடம் துளைத் தகடும் தூக்குக்குண்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே சம இரவு நாளில் இரண்டு மீட்டருக்கு நிழல் 28.4 சென்டி மீட்டர் வர வேண்டும், இங்கே 41.3. வித்தியாசம் கிட்டத்தட்ட 13 சென்டி மீட்டர், எனவே ஒரு மில்லி மீட்டர் அங்கே இங்கே பிசகினாலும் ஒரு சதவீதத்துக்குள் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிடலாம். யாராவது இதைச் செய்வதாக இருந்தால், தூரத்தைச் சாலை வழியாக எடுக்கக் கூடாது. வரைபடத்தில் நேர் தெற்கு வடக்காக அளக்க வேண்டும், அது 396 கிலோ மீட்டர். செப்டம்பர் சம இரவு நாளில் சேலத்து நண்பகல் 12:10-க்கு வரும், கன்னியாகுமரியில் அதற்கு இரண்டரை நிமிடம் பிந்தி. கல்லை ஒரு வாரம் முன்பே வைத்து மட்டம் பார்த்துவிடுங்கள். அந்த மாதம் மாலையில் இடி மழை வரும் என்பதால் முதல் நாள் சாயங்காலம் தாளை ஒட்ட வேண்டாம், காலையில் கல் காய்ந்த பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.